செப்டம்பர் 3: கிராம்வெல்லின் ராசியான நாள்

1654 செப்டம்பர் 3 ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறன்று கடை திறப்பதே பாவம் என்று நினைத்த பியூரிட்டன்கள் (கெடுபிடியான புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள்) ஆண்ட இங்கிலாந்தில், அன்று பார்த்து ஒரு புதிய நாடாளுமன்றம் கூடியது. உறுப்பினர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் நாளை மாற்ற வழியில்லை. முந்தைய டிசம்பரில் எழுதப்பட்ட அரசியல் சாசனத்திலேயே, முதல் நாடாளுமன்றம் செப்டம்பர் மூன்றாம் நாள் வெஸ்ட்மின்ஸ்டரில் கூட வேண்டும் என்று தேதி போட்டு வைத்திருந்தார்கள். அன்று பிரசங்கம் கேட்டு, பேருக்கு ஒருமுறை கூடிவிட்டு, உண்மையான வேலையை மறுநாளுக்குத் தள்ளிவைத்தார்கள்.

அப்படி என்ன அந்தத் தேதியில்? மன்னராட்சியை ஒழித்துக் குடியரசான நாட்டில் 'காவலர்' என்ற தலைமைப் பதவியில் இருந்த ஆலிவர் கிராம்வெல்லுக்கு அது ராசியான நாள். அவர் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க மாட்டார். நாள் பார்ப்பது, நட்சத்திரம் பார்ப்பது எல்லாம் அவர் மதத்துக்கு ஆகாதவை. 'ஆண்டவரின் இரக்கம்' என்றுதான் சொல்வார். ஆனால் பெயர் என்னவாக இருந்தாலும் காரியம் ஒன்றுதான். அவருடைய கட்சியினர் 1647இல் கிறிஸ்துமஸையே விழா நாட்களின் பட்டியலிலிருந்து அடித்தவர்கள். அடித்த இடம் காலியாகவே இருந்துவிடவில்லை.

கதை 1650இல் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் தொடங்குகிறது. டன்பார் என்ற சிற்றூரில் கிராம்வெல்லின் படை மாட்டிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் டூன் குன்று. குன்றின் மேல் டேவிட் லெஸ்லியின் ஸ்காட்டியப் படை. கிராம்வெல்லிடம் இருந்தது சுமார் 11,000 பேர். அவர்களிலும் நோயாளிகள் பலர். எதிரே அதைப்போல் இரண்டு மடங்கு என்பது அக்காலக் கணக்கு. இன்றைய ஆய்வாளர்கள் அவ்வளவு இராது என்கிறார்கள். லெஸ்லி சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், பசியும் பேதியும் மீதியைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் செப்டம்பர் 2 அன்று அவர் படையைக் குன்றிலிருந்து கீழே இறக்கினார். மறுநாள் விடியுமுன் கிராம்வெல் பாய்ந்தார். ஓரிரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ஓடுகிறவர்களைத் துரத்துவதற்கு முன், குன்றடியில் நின்று ஒரு சங்கீதம் பாடினார்கள். விவிலியத்திலேயே மிகச் சிறியதான 117ஆம் சங்கீதம், இரண்டே வசனம். பக்தியும் வேண்டும், எதிரியும் தப்பக் கூடாது.

சுமார் 10,000 கைதிகள் என்று கிராம்வெல் எழுதினார். இந்தக் கைதிகளின் கதை வெற்றிக் கதைகளில் அதிகம் வராது. காயமும் நோயும் உள்ளவர்களை விட்டுவிட்டு, மற்றவர்களைத் தெற்கே நடத்திப் போனார்கள். டர்ஹம் பேராலயத்துக்குச் சுமார் 3,000 பேர் வந்து சேர்ந்தார்கள். அதைத்தான் சிறையாக வைத்திருந்தார்கள். குளிருக்கு அங்கிருந்த மரச் சாமான்களைப் பிரித்து எரித்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் அங்கேயே செத்தார்கள். பிழைத்தவர்களில் ஒரு பகுதி கப்பலேறி அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக்குப் போய் இரும்பாலைகளிலும் மர அறுவை ஆலைகளிலும் உழைத்தது. 2013இல் டர்ஹமில் ஒரு கட்டட வேலைக்காகத் தோண்டியபோது குவியலாக எலும்புக்கூடுகள் கிடைத்தன. அவை டன்பார் கைதிகளுடையவை என்று 2015இல் டர்ஹம் பல்கலைக்கழகம் அறிவித்தது. 2018இல் அதே ஊரில் மறுபடி அடக்கம் செய்தார்கள்.

சரியாக ஓராண்டு கழித்து, 1651 செப்டம்பர் 3இல், வூஸ்டர் நகரில், மன்னர் தரப்புக்கும் நாடாளுமன்றத் தரப்புக்கும் நடந்த உள்நாட்டுப் போரின் கடைசிப் பெரிய சண்டை நடந்தது. இந்தத் தடவை ஆள் பலம் கிராம்வெல் பக்கம். தலை வெட்டப்பட்ட மன்னரின் மகன் இளம் சார்லஸின் படைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. இது தற்செயல்தானா என்று ஒரு சந்தேகம் வரலாம். ஆகஸ்ட் கடைசியிலேயே அவர் வூஸ்டரைச் சுற்றி வளைத்துவிட்டார். படகுகளைக் கோத்து ஆற்றுப் பாலம் போடுவதில் சில நாள் போனது. தாக்குதல் விழுந்ததோ டன்பாரின் ஆண்டு நிறைவில். வேண்டுமென்றே காத்திருந்தார் என்று நினைக்கும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. எனக்கும் அப்படித்தான் படுகிறது. நாள் தானாக வருவது ஒரு முறைதான். இரண்டாம் முறை ஆட்கள் வரவழைக்கிறார்கள். தோற்ற சார்லஸ் போஸ்கோபல் என்ற இடத்தில் கருவாலி மரத்தின் மேல் ஒளிந்திருந்துவிட்டு, ஆறு வாரம் வேடம் போட்டு அலைந்து பிரான்சுக்குத் தப்பினார். இன்றும் பிரிட்டன் முழுக்க 'ராயல் ஓக்' என்ற பெயரில் மதுக்கடைகள் இருப்பது அந்த மரத்தின் நினைவில்தான்.

1654இல் அப்படி நாள் பார்த்துக் கூட்டிய நாடாளுமன்றமாவது நன்றாக நடந்ததா என்றால், இல்லை. முதல் வாரத்திலேயே சண்டை. ஆனால் ஐந்து மாதத்துக்குள் அதைக் கலைக்கக் கூடாது என்று சாசனம் சொன்னது. அப்படிப் பார்த்தால் பிப்ரவரி வரை பொறுக்க வேண்டும். கிராம்வெல் 1655 ஜனவரி 22 அன்றே கலைத்துவிட்டார். எந்த மாதக் கணக்கு என்று சாசனத்தில் எழுதவில்லையே! சிப்பாய்களுக்கும் மாலுமிகளுக்கும் சம்பளம் 28 நாள் மாதக் கணக்கில் போவது வழக்கம். ஐந்து இருபத்தெட்டு நூற்று நாற்பது. அன்றைக்கு அது முடிந்திருந்தது.

பிறகு 1658. அந்த ஆகஸ்டில் பிரிய மகள் எலிசபெத் இறந்தாள். கிராம்வெல்லுக்கு விட்டு விட்டு வரும் காய்ச்சல். மலேரியாவாக இருக்கும் என்கிறார்கள், கூடவே சிறுநீரகத் தொல்லை. செப்டம்பர் 3 அன்று பிற்பகல் வொய்ட்ஹால் அரண்மனையில் உயிர் பிரிந்தது. டன்பாருக்கு எட்டு ஆண்டு, வூஸ்டருக்கு ஏழு ஆண்டு. ஆதரவாளர்கள் ஆண்டவரே தேர்ந்த நாள் என்றார்கள். எதிரிகள், சாத்தான் சூறாவளியில் வந்து தூக்கிப் போனான் என்றார்கள். சூறாவளி உண்மையிலேயே அடித்தது, ஆனால் அதற்குச் சில நாள் முன்பு, ஆகஸ்ட் 30ஆம் தேதி. மக்களின் நினைவு அதை நகர்த்திக்கொண்டு வந்து சாவு நாளில் சேர்த்துவிட்டது.

இந்த வரிசையில் யாரும் சேர்க்காத இன்னொரு செப்டம்பர் 3 உண்டு. 1649இல் அதே தேதியில் அயர்லாந்தின் டிராஹெடா நகருக்கு வெளியே கிராம்வெல் வந்து இறங்கினார். எட்டு நாள் கழித்து நகரம் விழுந்தபோது நடந்த படுகொலையை ஐரிஷ்காரர்கள் இன்றும் மறக்கவில்லை. அங்கே அந்த நாளுக்கு ராசி என்று யாரும் பேர் வைக்க மாட்டார்கள்.

தப்பிப்போன சார்லஸ் மன்னராக வர, மன்னராட்சி திரும்பியது. 1661இல் கிராம்வெல்லின் பிணத்தைத் தோண்டி எடுத்துத் தூக்கில் தொங்கவிட்டார்கள். ஆனால் அவருடைய நாளை அப்படித் தோண்டி எறிய முடியவில்லை. 1666 ஏப்ரலில் ஜான் ராத்போன் என்ற பழைய படை அதிகாரியும் இன்னும் ஏழு பேரும் ராஜத்துரோகக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டார்கள். லண்டன் கோட்டையைப் பிடித்து, நகருக்குத் தீ வைத்து, குடியரசைத் திரும்பக் கொண்டுவருவது திட்டம் என்றது வழக்கு. அதற்குக் குறித்த நாள் செப்டம்பர் 3. வில்லியம் லில்லியின் பஞ்சாங்கத்தைப் பார்த்து, ஜாதகக் கட்டம் போட்டு, நல்ல நாள் என்று தேர்ந்தார்களாம். அரசாங்க இதழான லண்டன் கெஜட்டிலேயே இப்படி வந்தது. லில்லி அந்தக் காலத்தின் பெரிய ஜோசியர். அவருடைய பஞ்சாங்கம் ஆண்டுக்குப் பல்லாயிரம் பிரதி விற்றது. கிராம்வெல்லின் வாயில் 'ஆண்டவரின் இரக்கம்' என்றிருந்தது, அவருடைய பழைய சிப்பாய்களிடம் வந்து சேரும்போது 'பஞ்சாங்கப்படி நல்ல நாள்' ஆகிவிட்டது.

அந்த ஆண்டு செப்டம்பர் 2, ஞாயிறு விடியுமுன், புடிங் லேன் தெருவில் தாமஸ் ஃபாரினரின் ரொட்டிக் கடையில் தீப்பிடித்தது. லண்டன் பெருந்தீ அதுதான். திங்கட்கிழமை, மூன்றாம் தேதி, தீ வணிகர்களின் லோம்பார்ட் தெருவைத் தாண்டி ராயல் எக்ஸ்சேஞ்சை விழுங்கியது. கடற்படை அதிகாரி சாமுவேல் பீப்ஸ் அன்று விடிகாலை நாலு மணிக்கு, இரவு உடையோடு வண்டியில் உட்கார்ந்து, பணத்தையும் வெள்ளிப் பாத்திரங்களையும் ஊருக்கு வெளியே கொண்டுபோனார். மன்னர் தம் தம்பியைத் தீயணைப்புக்குப் பொறுப்பாக்கியதும் அன்றுதான். தீ அடங்கியபோது 13,200 வீடுகளும் 87 கோயில்களும் செயின்ட் பால் பேராலயமும் போயிருந்தன. ஏப்ரல் மாத வழக்கு எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. தேதி ஒரு நாள் முந்திவிட்டதே என்று யாரும் தயங்கவில்லை. லில்லியை நாடாளுமன்றக் குழு கூப்பிட்டு விசாரித்தது, அவர் தப்பினார். தப்பாதவர் ராபர்ட் யூபேர் என்ற பிரெஞ்சுக்காரர். தானே தீ வைத்ததாக ஒப்புக்கொண்டு தூக்கில் தொங்கினார். தீ தொடங்கி இரண்டு நாள் கழித்துத்தான் அவர் லண்டனில் வந்து இறங்கினார் என்பது அப்புறம் தெரிந்தது.

இவ்வளவு ஏற்றிவைத்த நாள் ஓராண்டு வராமலே போனது என்பதுதான் வேடிக்கை. 1752இல் பிரிட்டனில் செப்டம்பர் 3 கிடையாது. செப்டம்பர் 2 புதன். மறுநாள் வியாழன், தேதி 14.

போப் பதின்மூன்றாம் கிரிகோரி 1582இல் காலண்டரைத் திருத்தியபோது, போப் சொன்னதை நாம் கேட்பதா என்று இங்கிலாந்து ஒதுங்கிக்கொண்டது. பழைய ஜூலியன் கணக்கில் நாலு ஆண்டுக்கு ஒரு லீப் ஆண்டு தவறாமல் வரும். அதனால் ஆண்டின் சராசரி நீளம் சூரியனுக்கு ஒத்துப்போவதைவிடச் சுமார் 11 நிமிடம் அதிகம். சேர்ந்து சேர்ந்து 17ஆம் நூற்றாண்டில் பத்து நாள், 1700க்குப் பிறகு பதினொரு நாள் வித்தியாசம். போதாக்குறைக்கு இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. நாம் 1655 ஜனவரி என்று எழுதும் கலைப்பு, அவர்கள் ஏட்டில் 1654 ஜனவரி. செஸ்டர்ஃபீல்ட் பிரபு கொண்டுவந்த சட்டம் இரண்டையும் சரிசெய்தது. அதனால் 1751ஆம் ஆண்டு மார்ச் 25இல் தொடங்கி டிசம்பர் 31இல் முடிந்து, வெறும் 282 நாளோடு போனது.

'எங்கள் பதினொரு நாளைத் திருப்பிக் கொடு' என்று மக்கள் கலவரம் செய்தார்கள் என்று பள்ளிப் புத்தகங்களில்கூட இருக்கும். அதற்குச் சான்றில்லை. ஓவியர் ஹோகார்த் ஒரு தேர்தல் ஓவியத்தில் அந்த வாசகத்தைத் தரையில் கிடக்கும் பதாகையில் எழுதினார். கேலிச் சித்திரம் வரலாறாகிவிட்டது. வாடகையும் கடன் தவணையும் நாள் எண்ணிக்கைப்படியே நடக்க வேண்டும் என்று சட்டம் முன்கூட்டியே சொல்லியிருந்தது. பிரிட்டனின் வரி ஆண்டு இன்றும் ஏப்ரல் 6இல் தொடங்குவதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. மார்ச் 25ஐப் பதினொரு நாள் தள்ளிப் பாருங்கள், ஏப்ரல் 5 வரும். மிச்சமுள்ள ஒரு நாளுக்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள்.

இந்த இரட்டைக் கணக்கு சென்னையிலும் ஓடியது. 1746இல் லா பூர்தொனே தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார்கள். சரணடைந்த ஆங்கிலேயர் ஏட்டில் அது செப்டம்பர் 10. பிடித்த பிரெஞ்சுக்காரர் ஏட்டில் செப்டம்பர் 21. ஒரே கோட்டை, ஒரே பகல். பழைய ஆவணங்களைப் படிக்கிறவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள்.

1752இல் பிறந்தநாளைத் தொலைத்தவர்கள் இருவரைச் சொல்ல வேண்டும். மேத்யூ போல்டன், பர்மிங்ஹாம்காரர், பிறந்தது 1728 செப்டம்பர் 3. டெர்பி ஊர் ஓவியர் ஜோசப் ரைட், 1734 செப்டம்பர் 3. ஒருவருக்கு 24 வயதும் மற்றவருக்கு 18 வயதும் நிறைய வேண்டிய நாள் காலண்டரில் இல்லை. ரைட், மெழுகுவத்தி வெளிச்சத்தில் அறிவியல் சோதனையைச் சுற்றி நிற்கும் முகங்களை வரைந்தவர். காற்றை உறிஞ்சும் கண்ணாடிக் குடுவைக்குள் பறவை துடிக்கும் அவருடைய 1768ஆம் ஆண்டு ஓவியம் லண்டன் தேசியக் காட்சியகத்தில் இருக்கிறது. போல்டன், பித்தானும் கொக்கியும் செய்த பட்டறைக் குடும்பத்திலிருந்து வந்து, 1775இல் ஜேம்ஸ் வாட்டோடு கூட்டுச் சேர்ந்து நீராவி இயந்திரத்தை விற்றவர். அவரும் நண்பர்களும் நடத்திய 'லூனார் சொசைட்டி' பௌர்ணமியை ஒட்டிக் கூடும். கூட்டம் முடிந்து இருட்டில் வீடு திரும்ப நிலா வெளிச்சம் வேண்டுமே. நாள் பார்ப்பதற்கு இதைவிட நல்ல காரணம் நான் கேட்டதில்லை.

போல்டனுக்கு நம்மோடு நேரடிக் கணக்கே உண்டு. நீராவியால் நாணயம் அடிக்கும் ஆலையை அவர் 1788இல் பர்மிங்ஹாம் அருகே சோஹோவில் அமைத்தார். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக 10 காசு, 20 காசு செப்பு நாணயங்களை 1803இலும் 1808இலும் அங்கேதான் அடித்தது. ஆங்கிலத்தில் கிழக்கத்திய சில்லறைக் காசுகளுக்கு வழங்கும் 'கேஷ்' என்ற பெயர் நம் 'காசு' போர்த்துகீசியர் வாயில் புகுந்து போனதுதான். 1809 ஜனவரியில் அந்த நாணயங்களை டன் கணக்கில் ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல், இங்கிலாந்துக் கரையைவிட்டு நகருமுன்பே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. சென்னையில் புழங்க வேண்டிய காசை இன்று நாணயச் சேகரிப்பாளர்கள் ஏலத்தில் வாங்குகிறார்கள்.

அப்புறம் 1782 செப்டம்பர் 3. திருகோணமலைக்கு வெளியே கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஹியூஸும் மோதினார்கள். சில நாள் முன்புதான் சுஃப்ரன் அந்தத் துறைமுகத்தை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்திருந்தார். அவருடைய 14 பெரிய போர்க்கப்பல்கள், ஹியூஸின் 12. சுஃப்ரனின் கப்பல் பாய்மரம் முறிந்து தவித்தது. ஆனாலும் திருகோணமலை அவர் கையில் நின்றது, ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் என்று அந்த ஆண்டு முழுக்க இருவரும் நம் கரையோரம் மோதிக்கொண்டே இருந்தார்கள்.

நாள் பிசகாமல் ஓராண்டு கழித்து, 1783 செப்டம்பர் 3 அன்று, பாரிஸில் ஒரு விடுதி அறையில் பிரிட்டன் அமெரிக்காவின் சுதந்திரத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டது. பிரிட்டன் சார்பில் டேவிட் ஹார்ட்லி. எதிரே ஃபிராங்க்லின், ஆடம்ஸ், ஜே. அன்றே வெர்சாயில் பிரான்சோடு தனி ஒப்பந்தம்; அதன்படி புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பின. இதன் முன்னோடி உடன்பாடு ஜனவரியிலேயே ஆகிவிட்டது. செய்தி கப்பலில் வர வேண்டுமே! ஜூன் 20இல் கடலூருக்கு எதிரே சுஃப்ரனும் ஹியூஸும் ஐந்தாவது முறையாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பாவில் முடிந்துபோன போருக்காக இங்கே ஆட்கள் செத்தார்கள்.

பழையதற்குப் போனால் 1189 செப்டம்பர் 3இல் சிங்க நெஞ்சன் ரிச்சர்டுக்கு முடிசூட்டு. பரிசோடு வந்த யூதர்களை வாசலிலேயே அடித்து விரட்டினார்கள். இரவில் கும்பல் அவர்கள் வீடுகளைக் கொளுத்தியது. அடுத்த மார்ச்சில் யார்க் நகரில் சுமார் 150 யூதர்கள் மாண்டது வரை அந்த நெருப்பு போனது. வழக்கறிஞர்களுக்கோ அந்த ஆண்டு வேறு விதத்தில் முக்கியம். 'நினைவுக்கெட்டாத காலம்' எங்கே முடிகிறது என்பதற்கு, ரிச்சர்டு ஆட்சிக்கு வந்த 1189ஐ ஆங்கிலச் சட்டம் எல்லையாக வைத்திருக்கிறது. முடிசூட்டிய நாளையும் சிலர் சொல்வார்கள், தந்தை இறந்த ஜூலை 6ஐயும் சிலர் சொல்வார்கள்.

கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின் மேல் எழுதியதாகச் சொல்லும் கவிதையின் தலைப்பிலேயே 1802 செப்டம்பர் 3 என்று இருக்கிறது. தங்கை டோரதியின் நாட்குறிப்பைப் பார்த்தால் அவர்கள் அந்த விடிகாலையில் பாலத்தைக் கடந்தது ஜூலை கடைசியில். தேதி எப்படி மாறியது என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தத் தேதியை யாரும் பார்த்துத் தேர்ந்ததாகத் தெரியவில்லை. 1939 செப்டம்பர் 3, மறுபடியும் ஒரு ஞாயிறு. காலை ஒன்பது மணிக்குப் பெர்லினில் பிரிட்டிஷ் தூதர் கெடு விதித்தார். பதினொரு மணிக்குக் கெடு முடிந்தது. பதினொன்றேகாலுக்குப் பிரதமர் சேம்பர்லின் வானொலியில் போர் தொடங்கிவிட்டதாகச் சொன்னார். பேச்சு முடிந்து சில நிமிடத்தில் லண்டனில் அபாயச் சங்கு ஊதியது. வெறும் பொய் எச்சரிக்கை. பொய்யில்லாதது மாலையில் நடந்தது: 'அதீனியா' பயணிகள் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கி நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அன்றே வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியாவும் போரில் இறங்கிவிட்டது என்று அறிவித்தார். சட்டமன்றத்தைக் கேட்கவில்லை, காங்கிரஸைக் கேட்கவில்லை. அக்டோபரில் சென்னையில் ராஜாஜியின் அமைச்சரவை பதவி விலகியதற்குத் தொடக்கம் இந்த அறிவிப்புதான்.

நான்காண்டு கழித்து அதே தேதியில் மான்ட்கோமரியின் படை மெசினா நீரிணையைக் கடந்து இத்தாலியில் இறங்கியது. அன்றே இத்தாலி சிசிலியில் ரகசியமாகச் சரணாகதி எழுதிக் கொடுத்தது.

வெஸ்ட்மின்ஸ்டரில் நாடாளுமன்றத்துக்கு வெளியே கிராம்வெல்லின் சிலை நிற்கிறது. 1899இல் வைத்தது, ஐரிஷ் உறுப்பினர்கள் எதிர்த்ததால் அரசுப் பணம் கிடைக்காமல், ரோஸ்பெரி பிரபு தம் பணத்தைக் கொடுத்தார். கிராம்வெல் சங்கத்தினர் ஆண்டுதோறும் செப்டம்பர் 3ஐ ஒட்டி அவருக்கு நினைவு வழிபாடு நடத்துகிறார்கள். இன்றைய காலண்டர் கணக்கில் அவர் இறந்தது செப்டம்பர் 13.